எந்த ஊர்த் தேர் இது?

அமெரிக்காவிலும் கனடாவிலும் வீடு வாங்கிக் குடியேறியிருக்கும் தமிழர்களுக்கு,



உங்கள் வீட்டுக் கூடத்தில், கணப்புக்கு மேலே சுவரை உள்வாங்கி உயரமாக ஒரு பள்ளம் விட்டிருக்கிறார்களே, அதைப் பற்றித்தான் இந்த மடல். இதற்கெல்லாம் ஒரு கடிதமா என்று நினைக்காதீர்கள். அந்தப் பள்ளத்தில் நீங்கள் எதைக் கொண்டுவந்து வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து, கடலுக்கு அப்பால் ஒரு தேரின் பலகை கழன்றுபோகவும் கூடும். ஓர் ஆசாரியின் பிள்ளை மறுபடி உளியைத் தொடவும் கூடும். மிகை என்று தோன்றினால் கடைசிவரை படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

அந்த இடம் எப்படி வந்தது என்று உங்களில் பலருக்குத் தெரியும். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வீடு கட்டியவர்கள், கணப்புக்கு மேல் பெட்டி டிவி உட்காரட்டும் என்று ஆழமாக இடம் விட்டார்கள். டிவி தட்டையாகிச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. பள்ளம் அப்படியே தங்கிவிட்டது. இரண்டு மாடி உயரத்துக்குக் கூரை எழும்பிய கூடங்களில் அது எட்டடி, ஒன்பதடி என்று நெட்டையாக நிற்கிறது. பால் காய்ச்சிய அன்றைக்கே வந்தவர்கள் அண்ணாந்து பார்த்து, "இங்க என்ன வைக்கப் போறீங்க?" என்று கேட்டிருப்பார்கள். பிளாஸ்டிக் பூ, பெரிய கடிகாரம், குடும்பப் படம் என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்திருப்பீர்கள். எதுவும் பொருந்தியிருக்காது. ஒருநாள் தோன்றியிருக்கும்: நம்ம ஊர் மரச்சிற்பம் ஒன்று இருந்தால்?

எனக்கும் தோன்றியது. எண்ணத்தில் பிழையில்லை. அதை நான் நிறைவேற்றிய விதத்தில்தான் பிழை. முதலில் அதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு உங்களிடம் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன்.

எங்கள் வீடு நியூ ஜெர்சியில். பள்ளம் நாலடி அகலம், ஒன்பதடி உயரம், பதினான்கு அங்குல ஆழம். ஒரு வசந்த காலத்தில் பக்கத்து ஊர்ப் பழம்பொருள் கடையில் கண்ணப்பரைப் பார்த்தேன். இரண்டரை அடிப் பலகை. ஒரு காலைத் தூக்கி லிங்கத்தின்மேல் ஊன்றி, கையில் அம்போடு, இன்னொரு கண்ணையும் தோண்டத் தயாராக நிற்கிறார். எண்ணெய் ஏறிக் கறுத்த மரம். பின்பக்கம் ஆப்பு அடித்த சதுரத் துளைகள் இரண்டு. 'தென்னிந்தியா, 18-ஆம் நூற்றாண்டு' என்று சீட்டு ஒட்டியிருந்தது. கேட்ட விலையைக் கொடுத்தேன். அந்நிய நாட்டில் அநாதையாகக் கிடந்த நம் பொருளை மீட்டு வருகிறோம் என்ற பெருமை வேறு. கணப்புக்கு நேர்மேலே மாட்டி, மேலிருந்து வெளிச்சம் விழும்படி விளக்கும் போட்டேன். வந்தவர்கள் எல்லாரும் படம் எடுத்துக்கொண்டார்கள்.

அந்தக் கோடையில் அம்மா வந்தார். கும்பகோணத்துப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து வளர்ந்தவர். பெட்டியை இறக்கிவைப்பதற்குள் பலகையைப் பார்த்துவிட்டார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டே போய் நின்றார்.

"எந்த ஊர்த் தேருடா இது?"

"கடையில வாங்கினதும்மா."

"தேர் எந்தக் கடையில விக்குது?"

நான் பேசாமல் நின்றேன். அம்மாவே சொன்னார். "எங்க ஊர்த் தேர் நான் பாவாடை கட்டிக்கிட்டுத் திரிஞ்ச வயசுல நின்னுபோச்சு. கீத்துக் கொட்டகைக்குள்ள கெடக்கும். ஒவ்வொரு வருசமும் திருவிழாவுக்குப் போறப்ப எட்டிப் பாப்போம். ஒவ்வொரு பொம்மையா காணாமப் போயிருக்கும். கடைசியில சக்கரமும் அச்சும்தான் மிச்சம்."

இருந்த மூன்று மாதமும் அந்தப் பலகைக்கு நேரே அவர் கால் நீட்டி உட்காரவில்லை. ஊருக்குக் கிளம்பிய அன்று அதன் முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். என்னை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

அடுத்த ஜனவரியில் ஒருநாள் நள்ளிரவு. படார் என்று சத்தம். கீழே இறங்கிவந்து பார்த்தால், கண்ணப்பரின் தோளிலிருந்து இடுப்புவரை பலகை பிளந்திருந்தது. வெயிலையும் மழையையும் தாங்கிய மரம் என் வீட்டுக் கணப்புச் சூட்டை ஒரு குளிர்காலம்கூடத் தாங்கவில்லை.

கழற்றித் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். எங்கிருந்து வந்தது என்று கடைக்காரரைக் கேட்டேன். இறந்துபோன யாரோ ஒருவரின் வீட்டுச் சாமான்களோடு வந்தது என்பதற்குமேல் அவருக்குத் தெரியவில்லை. ஊரில் உரிய அதிகாரிகளுக்குப் படங்கள் அனுப்பியிருக்கிறேன். களவுபோன கோயில் சிலைகள் சிலவற்றைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் பழைய புகைப்படங்களோடு ஒப்பிட்டு, இது இன்ன ஊர்ச் சிலை என்று காட்ட முடிந்திருக்கிறது. ஓடாமல் நின்ற ஒரு சிற்றூர்த் தேரின் பலகையை யார் படம் எடுத்து வைத்தார்கள்? ஊர் தெரியாத பொருளைத் திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை. சுவரில் மாட்டவும் மனமில்லை. என் நிலை உங்களுக்கு வர வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

உங்களில் சிலர் சொல்வீர்கள்: ஊரில் கிடந்தால் கரையான்தான் தின்னும், இங்கேயாவது பத்திரமாக இருக்கட்டுமே. நானும் அப்படித்தான் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். ஆனால் ஓடாத தேரில் கை வைக்கிறவன் கரையானுக்குப் பயந்து பலகையைக் கழற்றுவதில்லை. வாங்க ஆள் இருக்கிறது என்று தெரிந்து கழற்றுகிறான். நாம் ஒரு பலகைக்குக் கொடுக்கும் விலை, அடுத்த பலகைக்கு நாமே கொடுக்கும் முன்பணம். பலகை போகப் போக, தேரைச் செப்பனிட்டு ஓட்டிவிடலாம் என்ற ஊராரின் நம்பிக்கையும் கூடவே போகிறது. கரையானாவது அங்கேயே தின்கிறது.

சட்டமும் இருக்கிறது. நூறு ஆண்டு கடந்த சிற்பத்தை இந்தியாவிலிருந்து தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. 1972-இல் இயற்றப்பட்டு 1976-இல் நடைமுறைக்கு வந்த தொல்பொருள் சட்டம் அதைத் தடுக்கிறது. அதற்கு முன்பும் 1947-லிருந்தே ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு உண்டு. ஆகவே உங்கள் முன்னால் விற்பனைக்கு நிற்கும் பழைய தேர்ச் சிற்பம் நிஜமாகவே பழையது என்றால், அது எப்போது, யார் அனுமதியோடு கடல் தாண்டியது என்று கேட்டாக வேண்டும். பழையது இல்லை என்றால், புது மரத்தைப் புகை காட்டி எண்ணெய் பூசிக் கறுக்கவைத்து உங்கள் தலையில் கட்டுகிறார்கள். எப்படிப் பார்த்தாலும் நட்டம் உங்களுக்குத்தான்.

காகிதம் தருகிறார்களே என்பீர்கள். ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 2008-இல் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து ஒரு நடராசரை வாங்கியபோது காகிதத்துக்குக் குறைவில்லை. அது அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலில் களவுபோன நடராசர் என்று தெரியவந்து, 2014-இல் திருப்பித் தந்தார்கள். வல்லுநர்களை வைத்திருக்கும் நிறுவனமே ஏமாந்தது. சனிக்கிழமை மாலை ஒரு கடையில் நுழைந்து சீட்டைப் படித்துவிட்டு வாங்கும் நமக்கு என்ன தெரியும்?

சரி, காசு கொடுத்து நேர்மையாக வாங்கியது என்றே வைத்துக்கொள்வோம். பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்துக்குப் போனவர்கள் அங்கே நிற்கும் மதுரைத் தூண்களைப் பார்த்திருப்பீர்கள். மதனகோபாலசாமி கோயில் மண்டபத்தைச் சேர்ந்தவை. 1912-இல் தேனிலவுக்காக மதுரை வந்த அடலைன் பெப்பர் கிப்சன் என்ற அமெரிக்கப் பெண் விலைக்கு வாங்கிக் கப்பலேற்றினார். 1919-இல் அவர் குடும்பத்தார் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். பழுதில்லாமல் வைத்திருக்கிறார்கள்; சந்தேகமில்லை. ஆனாலும் அந்தத் தூண்களின் நடுவே போய் நின்றபோது உங்கள் நெஞ்சில் எழுந்தது பெருமைதானா? எனக்கு, வீட்டை விற்றவர்களின் சாமானைப் பக்கத்து வீட்டில் பார்த்ததுபோல் இருந்தது.

இனி இன்னொரு கணப்பைப் பாருங்கள். இங்கிலாந்தின் வைட் தீவில் விக்டோரியா ராணியின் ஆஸ்போர்ன் மாளிகை. 1890-களின் தொடக்கத்தில் அங்கே தர்பார் அறை என்று ஒன்றை அலங்கரித்தார்கள். கணப்புக்கு மேலே சுவரில் பெரிய மயில் ஒன்று தோகை விரித்து நிற்கிறது. மரமில்லை, சுதை வேலை. அந்த அறையை வடிவமைத்தவர் பாய் ராம் சிங். பஞ்சாபில் தச்சர் குடும்பத்தில் பிறந்து, லாகூர் கலைப்பள்ளியில் பயின்றவர். எந்த மாளிகையிலிருந்தும் எதையும் பெயர்த்துக்கொண்டு வரவில்லை. வேலை தெரிந்த ஒருவரை வரவழைத்து, அந்தச் சுவருக்கென்றே செய்யச் சொன்னார்கள். ருடால்ஃப் ஸ்வோபோடா என்ற ஓவியரைக் கொண்டு அவர் முகத்தையும் வரையச் செய்தார் ராணி. நாட்டையே எடுத்துக்கொண்டவர்கள், அவர்களைப் புகழ நான் வரவில்லை. ஆனால் அந்த மயில் யார் வேலை என்று கேட்டால் இன்றும் பெயர் சொல்ல முடிகிறது.

நம் அமெரிக்காவிலும் இது நடந்திருக்கிறது. லாக்வுட் டி ஃபாரஸ்ட் என்ற அலங்காரக் கலைஞர் 1881-இல் அகமதாபாத்தில் மகன்பாய் ஹத்தீசிங்கோடு சேர்ந்து மரச்செதுக்குப் பட்டறை தொடங்கினார். அங்கே செதுக்கிய தேக்குப் பலகைகள் நியூயார்க் பணக்காரர் வீடுகளுக்கு வந்தன. ஆண்ட்ரூ கார்னகியின் மாளிகையில், இப்போது கூப்பர் ஹியூவிட் அருங்காட்சியகமாக இருக்கிறதே, அங்கே ஓர் அறையையே தேக்கறை என்கிறார்கள். வாடிக்கையாளரின் சுவருக்கு அளவெடுத்து, இந்தியாவில் புதிதாகச் செதுக்கி, கப்பலில் வரவழைக்கும் வழி 140 ஆண்டுக்கு முன்பே திறந்திருக்கிறது. ஒரு குறை: டி ஃபாரஸ்ட் பெயரைச் சொல்கிறோம், ஹத்தீசிங் பெயரைச் சொல்கிறோம், உளி பிடித்தவர்கள் யார் என்றால் சொல்வாரில்லை. அந்தக் குறையை நீங்கள் தீர்க்கலாம். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

புதுசில் பழசின் அழகு வருமா என்று கேட்பீர்கள். பழசும் ஒருநாள் புதுசாக இருந்ததுதானே? இங்கிலாந்தில் கணப்புக்கு மேலான மரச்செதுக்கு என்றால் கிரின்லிங் கிப்பன்ஸ் பெயரைத்தான் சொல்வார்கள். 1986-இல் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் தீப்பிடித்து, அவர் கைவேலையான ஏழடி நீளத் தொங்கல் ஒன்று சாம்பலானது. டேவிட் எஸ்டர்லி என்ற அமெரிக்கர் அதை மறுபடியும் செதுக்கி வைத்தார். நம் திருவாரூரில் ஆழித்தேர் 1926-இல் எரிந்தது. 1930-இல் புதுத் தேர் வந்துவிட்டது. எரிந்ததைத் திரும்பச் செய்ய அன்றைக்குக் கைகள் இருந்தன. நாளைக்கும் இருக்க வேண்டுமென்றால் இன்றைக்கு அவற்றுக்கு வேலை இருக்க வேண்டும்.

அந்தக் கைகள் எங்கே என்று தேட வேண்டியதில்லை. பெரம்பலூர் மாவட்டத்தில் பச்சைமலை அடிவாரத்து அரும்பாவூர். அதன் மரச்சிற்பத்துக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-இல் கிடைத்தது. சேலம் மாவட்டத்துத் தம்மம்பட்டியில் தெருவில் நடந்தாலே கொட்டாப்புளிச் சத்தம் கேட்கும். கனடாவில் இருக்கும் யாழ்ப்பாணத்தாருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தேரும் வாகனமும் செய்கிறவர்களை நீங்கள் ஊர்க் கோயில் வழியாகவே அறிவீர்கள்.

கண்ணப்பர் பிளந்த ஆண்டே நான் அரும்பாவூருக்குப் போனேன். பட்டறையில் ஒரு பெரியவர் வாகைப் பலகையின்மேல் குந்தி உட்கார்ந்து யாளியின் பல்வரிசையை எடுத்துக்கொண்டிருந்தார். அளவைச் சொன்னேன். விலை சொல்வார் என்று எதிர்பார்த்தால், அவர் கேட்டது வேறு.

"உக்காந்து பாப்பீங்களா, நின்னு பாப்பீங்களா?"

"உக்காந்துதாங்க. சிற்பம் தலைக்கு மேல ஆரம்பிக்கும்."

"அப்ப மூஞ்சியக் கொஞ்சம் முன்னால சாய்க்கணும். இல்லேன்னா கீழேருந்து பாக்கிறவங்களுக்கு மோவாக்கட்டையும் மூக்குத் துவாரமும்தான் தெரியும்."

என் கூடத்தைக் கண்ணால் பார்க்காத மனிதர், என் சோபாவிலிருந்து அண்ணாந்து பார்த்துவிட்டார். இந்தக் கேள்வியை எந்தப் பழம்பொருள் கடையும் உங்களிடம் கேட்காது. இயந்திரத்தில் வரைபடத்தைக் கொடுத்துக் கடைந்தெடுக்கும் பலகையும் கேட்காது. இயந்திர வேலையை இயந்திர வேலை என்று சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்றால் எனக்குச் சண்டை இல்லை. கைவேலை என்று சொல்லி விற்கும்போதுதான் ஆசாரியின் வயிற்றில் அடிக்கிறது.

என்ன செதுக்குவது என்பதையும் அவரோடுதான் பேசி முடிவு செய்தேன். அந்தச் சுவருக்குக் கீழேதான் நாம் சாப்பிடுகிறோம், ஆட்டம் பார்க்கிறோம், கால் நீட்டிப் படுக்கிறோம். அங்கே சாமி வேண்டாம் என்பது என் எண்ணம். சாமி இல்லாவிட்டால் நம்மிடம் சிற்பமே இல்லையா? கொடிக்கருக்கு இருக்கிறது, அன்னம் இருக்கிறது, யாளி வரிசை, குறும்பு செய்யும் பூதங்களின் வரிசை, நிறைகுடம் எல்லாம் இருக்கின்றன. பெரியவர் சொன்னது பாவை விளக்கு. இரண்டு கையாலும் அகலை ஏந்தி, தலையை லேசாகக் குனிந்து நிற்கும் பெண். நெருப்புக்கு மேலே நிற்க அவளைவிடப் பொருத்தமானவர் யார்?

சுவரில் உள்வாங்கிய இடம் நமக்குப் புதிதும் இல்லை. வீட்டில் அதை மாடம் என்றோம், பிறை என்றோம், அகலை வைத்தோம். கோயில் சுவரில் கோட்டம் என்றோம், உருவத்தை நிறுத்தினோம். கும்பகோணம் நாகேசுவரன் கோயிலுக்குப் போனால் கோட்டங்களைக் கொஞ்ச நேரம் பாருங்கள். இரு பக்கமும் அரைத்தூண், நடுவில் மூச்சு விடுவதுபோல் நிற்கும் மனிதர்கள். உருவம் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்பதில்லை. சுற்றிலும் நிழலுக்கு இடம் விட்டிருக்கிறான் சிற்பி. அந்த நிழல்தான் உருவத்தை முன்னால் கொண்டுவருகிறது. புள்ளமங்கைக் கோயிலில் சோழர் காலத்துச் சிற்பிகள் உள்ளங்கை அகலத்தில் இராமாயணக் காட்சிகளைச் செதுக்கியிருக்கிறார்கள். ஆகவே ஒன்பதடிப் பள்ளம் என்றால் ஒன்பதடிச் சிற்பம் வேண்டும் என்று மலைக்காதீர்கள். நாலரை அடிப் பாவை, அவள் தலைக்கு மேல் மகரதோரணம், காலடியில் ஒரு பூதவரிசை; மிச்சமெல்லாம் வெறும் சுவர். என் வீட்டில் அப்படித்தான் அமைந்தது.

எண்ணம் பிடித்துவிட்டால் அடுத்து நெருப்பையும் மரத்தையும் நினையுங்கள். இங்கேதான் ஆர்வக்கோளாறில் நான் தவறினேன். அமெரிக்கக் கட்டட விதிகளில், விறகுக் கணப்பின் வாயிலிருந்து 6 அங்குலத்துக்குள் எரியக்கூடிய அலங்காரம் எதுவும் கூடாது. 12 அங்குலத்துக்குள் மேலே இருப்பது, தூரத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் எட்டில் ஒரு அங்குலத்துக்கு மேல் துருத்திக்கொண்டிருக்கக் கூடாது. எரிவாயுக் கணப்புக்கு அதன் கையேட்டில் கொடுத்திருக்கும் தூரமே கணக்கு. அதற்கு மேலும் ஒரு சோதனை: கணப்பை ஒரு மணி நேரம் எரியவிட்டுப் பள்ளத்தின் அடியில் கை வையுங்கள். கை பொறுக்காத இடத்தை மரமும் பொறுக்காது.

நம் ஊரில் நன்றாகக் காய்ந்த மரத்திலும் 12 சதவீத அளவுக்கு ஈரம் இருக்கும். இங்கே ஜனவரியில் ஹீட்டர் ஓடும் வீட்டில் அது 6 சதவீதத்துக்கு இறங்கிவிடும். மரம் குறுக்குவாட்டில் சுருங்கும். சுருங்க இடம் இல்லாவிட்டால் பிளக்கும். கண்ணப்பருக்கு நடந்தது அதுதான். எனவே ஒரே அகலப் பலகை கேட்காதீர்கள். துண்டு துண்டாகச் செய்து, ஆப்பும் காடியுமாகக் கோத்து, அசைய இடம்விட்டு மாட்டும்படி கேளுங்கள். ஆசாரிக்கு இது புதுப்பாடமில்லை. தேரே அப்படித்தான் நிற்கிறது. மூன்றடிக்கு ஆறடி, மூன்று அங்குலக் கனம் என்றால் வெறும் பலகையே 70 கிலோவைத் தாண்டும். துண்டுகளாக இருந்தால் சுவருக்கும் சுமை பிரியும், அனுப்பவும் எளிது. சுவரில் ஜிப்சம் அட்டையை நம்பாதீர்கள். பெரும்பாலும் 16 அங்குலத்துக்கு ஒன்றாக உள்ளே நிற்கும் மரச்சட்டங்களைத் தேடி அவற்றில் திருகாணியை இறக்குங்கள்.

ஈட்டி மரம் கேட்காதீர்கள். 2017-லிருந்து அந்த மர இனம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. சந்தனமும் வேண்டாம். வாகை, மா, வேம்பு போதும், உளிக்கு இசையும். அனுப்பும் மரப்பெட்டி 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடேற்றிய மரத்தில் செய்ததாக இருக்க வேண்டும். கோதுமைக் கதிர் முத்திரையைப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் துறைமுகத்திலேயே நிறுத்திவிடுவார்கள்.

இனி நான் உங்களிடம் கேட்பது.

எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாத பழைய தேர்ப் பலகையை, கோயில் சிற்பத்தை, செட்டிநாட்டு வீட்டு நிலையை வாங்காதீர்கள். எவ்வளவு அழகாக இருந்தாலும், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும். ஏற்கெனவே வாங்கியவர்கள், என்னைப் போல, வெட்கப்படாமல் வெளியே சொல்லுங்கள். நாலாபக்கமும் படம் எடுங்கள். பின்பக்கத்துத் துளைகளையும் சேர்த்து எடுங்கள். உரியவர்களுக்கு அனுப்புங்கள். யாராவது ஓர் ஊர்க்காரர் அடையாளம் கண்டால் கொடுத்துவிடுங்கள்.

புதிதாகச் செய்யச் சொல்லுங்கள். பேரம் பேசும்போது டாலரை ரூபாயாக்கிப் பார்த்துக் குறைக்காதீர்கள். எத்தனை நாள் வேலை என்று கேட்டு, அந்த நாளுக்கு உங்கள் ஊரில் ஒரு தச்சர் என்ன வாங்குவார் என்று ஒருமுறை நினைத்துவிட்டுப் பேசுங்கள். மரம் வாங்க முன்பணம் கொடுங்கள். பொங்கலுக்குள் வேண்டும், கிருகப்பிரவேசத்துக்குள் வேண்டும் என்று நெருக்காதீர்கள். மரம் காய வேண்டிய நாளைக் காலண்டர் குறைக்காது.

அரும்பாவூர்ப் பெரியவரிடம், உங்களுக்குப் பின்னால் யார் என்று கேட்டேன். "பையனுக்கு வேலை தெரியுங்க. திருப்பூர்ல கம்பெனிக்குப் போறான். வருசம் பூரா ஆர்டர் இருந்தா வந்துருவான்" என்றார். கோயில் திருப்பணி வரும்போது வேலை வரும். மற்ற மாதங்களில் உளி சும்மா கிடக்கும். நம் கூடங்களில் எத்தனை பள்ளங்கள் வெறுமையாக இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். ஒருவர் ஒன்று செய்யச் சொன்னால் அது அலங்காரம். நூறு பேர் சொன்னால் ஒரு தலைமுறைக்குச் சோறு.

கடைசியாக ஒன்று. வேலை முடிந்ததும், கீழ் ஓரத்தில் ஆசாரியின் பெயரையும் ஊரையும் ஆண்டையும் அவரையே செதுக்கச் சொல்லுங்கள். தயங்குவார்கள்; எங்கள் பெரியவரும் தயங்கினார். "சாமி வேலையில பேர் போடுற வழக்கமில்லைங்க" என்றார். இது சாமி வேலை இல்லை, என் வீட்டு வேலை என்று சொல்லி மூன்று முறை கேட்ட பிறகு, பூதவரிசையின் கடைசிப் பூதத்தின் காலடியில், மிகச் சிறிய எழுத்தில் செதுக்கினார்.

அளவு நாடாவை எடுத்து இந்த வாரமே அந்தப் பள்ளத்தை அளந்துவிடுங்கள். உங்கள் வீட்டுக்கும் ஊரிலிருந்து ஓர் அம்மா வருவார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அண்ணாந்து பார்த்து, எந்த ஊர் வேலை, யார் செய்தது என்று கேட்பார். உங்களுக்கு ஊரும் பேரும் சொல்லத் தெரிய வேண்டும்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்